நாவலர் விட்ட மலைநெல்

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் 1822ஆம் ஆண்டு நல்லூரிற் பிறந்தார். மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்கும் உதவினார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

1852இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டார். கண்ணப்பர் பிறந்த உடுப்பூரைச் சேக்கிழார் நின்று நின்று பாடுகிறார்: விளாமரக் கொம்பில் வலை தொங்கும், பாறை முற்றத்தில் மலைநெல் காயும். ஸ்பிரிங்வெளி மலையில் வாழும் நமக்கு எவ்வளவு இனிமை! நாவலரோ ஊர்ப்பெயரை மட்டும் சொல்லி, வேடர் தலைவன் நாகனிடம் போய்விடுகிறார். செய்யுளிலே ஊறியவருக்கு அதன் அருமை தெரியாதா? கல்லாதவரும் தாமாக வாசிக்கும் நூலன்றோ அவர் எழுதியது!

1879இல் அவர் மறைந்தார். சிதம்பரத்தில் அவர் கண்ட பாடசாலையைப் பற்றி நான் ஆசையோடு எழுதிய பக்கத்தை இங்கே நீக்கிவிட்டேன். மனம் இன்னும் ஆறவில்லை.