இலியா மெச்னிகாவ்

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, வெம்மை கொள்கிறது, வலிக்கிறது. சிலபோது சீழும் கட்டுகிறது. இவை யாவும் உடலுக்கு நேர்ந்த கேடுகளே என்று மருத்துவர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். சீழில் திரண்டிருக்கும் வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை உடலெங்கும் சுமந்து சென்று பரப்புகின்றன என்று அஞ்சியவரும் உண்டு. அவ்வணுக்கள் பகையல்ல, காவற்படையே என்று காட்டியவர் மருத்துவர் அல்லர்; கடலுயிர்களை ஆராய்ந்த விலங்கியல் அறிஞர் ஒருவர். அவரே இலியா மெச்னிகாவ்.

இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள கார்கிவ் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் 1845ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அக்காலத்தில் அந்நிலப்பகுதி உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்த அவர், 1870இல் ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். கல்வியில் கிட்டிய பேறு இல்லறத்தில் கிட்டவில்லை. காசநோயால் மெலிந்திருந்த முதல் மனைவி 1873இல் இறந்தார். அத்துயரில் மெச்னிகாவ் வாழும் விருப்பையே இழந்தார். 1875இல் ஒல்கா என்னும் நங்கையை மணந்த பின்னரே அவர் உள்ளம் மெல்லத் தேறியது.

பல்கலைக்கழகத்தில் எழுந்த பூசல்களால் 1882இல் அவர் பதவியைத் துறந்து, குடும்பத்துடன் இத்தாலி நாட்டுச் சிசிலித் தீவின் மெசினா நகரை அடைந்தார். ஒருநாள் வீட்டார் அனைவரும் குரங்குகளின் வித்தை காண வட்டரங்குக்குச் சென்றுவிட்டனர். அவர் மட்டும் வீட்டில் தங்கி, நட்சத்திர மீனின் இளவுயிரிகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் உடல் கண்ணாடி போன்றது. உள்ளே ஊர்ந்து திரியும் அணுக்களை உயிரோடு காணலாம். அவ்வணுக்கள் ஏன் அலைகின்றன? வெளியிலிருந்து புகும் பகையை எதிர்ப்பதே அவற்றின் தொழிலாயின், உடலில் முள் தைத்த இடத்தை நோக்கி அவை விரைய வேண்டுமன்றோ? இவ்வெண்ணம் தோன்றியதும் அவர் தோட்டத்திற்குச் சென்று ரோஜாச் செடியின் முட்களைப் பறித்து வந்தார். அவற்றை இளவுயிரிகளின் தோலுக்கடியில் செருகி வைத்தார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. விடியலில் நோக்கியபோது, முட்களைச் சுற்றி அணுக்கள் அடர்ந்து மொய்த்திருந்தன. அவ்வுயிரிக்குக் குருதிக் குழாய் இல்லை. நரம்பின் ஏவலும் இல்லை. அணுக்கள் தாமாகவே அங்கு வந்து சேர்ந்திருந்தன.

இவ்வணுக்கள், விழுங்கும் அணு எனப் பொருள்படும் கிரேக்கப் பெயர் பெற்றன. 1884இல் அவர் மற்றுமொரு சான்று காட்டினார். நீர்த்தெள்ளு என்னும் நன்னீர்ச் சிற்றுயிரின் குடற்சுவரை ஊசி போன்ற பூசண வித்துகள் துளைத்துப் புகும். அணுக்கள் அவற்றை விழுங்கிச் செரித்தால் நீர்த்தெள்ளு பிழைக்கும். வித்துகள் முந்திப் பெருகினால் அது மடியும்.

செருமானிய அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. 1890இல் குருதிநீரிலேயே நச்சுமுறிப் பொருள் உண்டெனப் பேரிங்கும் கிடசாட்டோவும் காட்டியபின் எதிர்ப்பு மேலும் வலுத்தது. அதற்கு முன்பே, 1888இல், பாரிசு நகரில் பாஸ்டர் தம் நிலையத்தில் மெச்னிகாவுக்கு இடமளித்திருந்தார். அங்கிருந்து அவர் இருபதாண்டுக் காலம் சலியாது வாதிட்டார். ஈற்றில் இரு கட்சியாரும் கூறியதில் உண்மை இருந்தது. 1908ஆம் ஆண்டு நோபல் பரிசு மெச்னிகாவுக்கும், குருதிநீர்க் கொள்கையினரான பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

தோல் வெட்டுண்டால் நிகழ்வன இன்று இன்னும் தெளிவாக விளங்குகின்றன. முதலில் தட்டணுக்கள் கூடிக் குருதியை உறையச் செய்கின்றன. சில மணி நேரத்தில் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளை விழுங்குகின்றன. இரண்டொரு நாளில், மெச்னிகாவ் பெருவிழுங்கிகள் என்று பெயரிட்ட அணுக்கள் பெருகிச் சிதைவுகளை அகற்றுகின்றன. அவை அத்தோடு நில்லா. நார்ப்பொருளை நெய்யும் அணுக்களையும் புதுக் குருதிக் குழாய்களையும் தூண்டி வளர்க்கும் பொருள்களைச் சுரக்கின்றன. விளிம்பிலுள்ள தோலணுக்கள் ஊர்ந்து வந்து புண்ணை மூடுகின்றன. காவல் புரியும் அணுவே கட்டடப் பணியையும் தொடங்கி வைக்கும் என்பது மெச்னிகாவ் காலத்தில் தெளிவாகாத செய்தி.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டில் மெச்னிகாவ் பாரிசில் காலமானார். அவருடைய சாம்பல் பாஸ்டர் நிலையத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டது.