ஏசி டக்ட்டைச் சுற்றி பூசணம் பிடிப்பது ஏன்? ஈரத்தை விரட்ட ஏசியை உருவாக்கிய வில்லிஸ் கேரியரின் கதை

மதுரையில் சித்திரை வெயிலில் ஏசி ஓடும்போது இந்தப் பிரச்சினை அதிகம் தெரியாது. ஐப்பசி மழை பிடித்ததும்தான் டக்ட் வாயைச் சுற்றி கருப்புப் புள்ளிகள், சுவரில் ஓதம், அறைக்குள் பூசண வாடை என்று ஆரம்பிக்கும். ஆனால், முதல் நவீன ஏசி உருவானதே காற்றில் இருக்கும் ஈரத்தை அடக்கத்தான். அதை உருவாக்கியவர் வில்லிஸ் கேரியர்.

யார் இந்த கேரியர்?

1876 நவம்பர் 26-ல், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் அங்கோலா என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதில் பின்னக் கணக்கு மண்டையில் ஏறவில்லை. ஆப்பிளைத் துண்டு துண்டாக வெட்டிக்காட்டிப் புரிய வைத்தவர் அவருடைய அம்மா. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, 1901-ல் பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் வாரத்துக்கு 10 டாலர்.

அச்சகத்தில் பிறந்த ஏசி

1902-ல் புரூக்ளினில் உள்ள ஓர் அச்சகத்தில் சிக்கல். காற்றில் ஈரம் கூடினால் காகிதம் விரியும், குறைந்தால் சுருங்கும். ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறத்தை அச்சிடும்போது படம் விலகிப்போகும். நம்ம சிவகாசிக்கு அச்சுத் தொழிலிலும் பட்டாசிலும் வறண்ட காற்று கைகொடுத்தது. புரூக்ளினுக்கு அந்த வசதி இல்லை.

தீர்வு தேடும் பொறுப்பு 25 வயது கேரியரிடம் வந்தது. குளிர்ந்த குழாய்கள் மீது காற்றைச் செலுத்தினார். காற்றிலிருந்த ஈரம் குழாயில் நீராகப் படிந்தது, வெளியே வந்த காற்று உலர்ந்திருந்தது. அவர் வைத்த இலக்கு 55 சதவீத ஈரப்பதம். 1906-ல் காப்புரிமை கிடைத்தது. எந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு ஈரத்தைத் தாங்கும் என்ற கணக்கை 1911-ல் வெளியிட்டார். ஏசி பொறியாளர்களுக்கு இன்றும் அதுதான் அடிப்படை.

1915-ல் நண்பர்கள் ஆறு பேருடன் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1925-ல் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டரைக் குளிர்வித்தார். 1928-ல் வீட்டுக்கான இயந்திரம் வந்தது. ஆனால் 1950 அக்டோபர் 7-ல் அவர் இறந்தபோதும் பெரும்பாலான வீடுகளில் ஏசி இல்லை.

அப்படின்னா பூசணம் எப்படி வருது?

கேரியரின் அதே கணக்குதான். அறைக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோர்க்கும். அதே காற்று 38 டிகிரி, 30 சதவீதம் என்றால் இந்த அளவு சுமார் 17 டிகிரிக்கு இறங்கிவிடும். வெயில் காலத்தில் தெரியாத ஓதம் மழைக்காலத்தில் தெரிவது இதனால்தான்.

ஏசிக்குள் படியும் நீர் தட்டில் விழுந்து டிரெயின் குழாய் வழியாக வெளியேற வேண்டும். குழாய் அடைத்தாலோ, டக்ட்டைச் சுற்றிய இன்சுலேஷன் கிழிந்தாலோ, அந்த நீர் சுவரிலும் ஃபால்ஸ் சீலிங்கிலும் இறங்கும். அங்கே இருக்கும் தூசுதான் பூசணத்துக்குச் சாப்பாடு.

என்ன செய்யலாம்?

* மழைக்காலத்துக்கு முன்பே டிரெயின் குழாயையும் ஃபில்டரையும் சுத்தம் செய்யுங்கள்.
* கிழிந்த இன்சுலேஷனை மாற்றுங்கள். டக்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடையுங்கள்.
* மழை நாளில் ஏசி ஓடும்போது ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள். 'டிரை மோட்' இருந்தால் பயன்படுத்துங்கள்.
* அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏசி வாங்காதீர்கள். அறை சீக்கிரம் குளிர்ந்து ஏசி நின்றுவிடும், ஈரம் அப்படியே தங்கும்.

பூசணத்தின் மேல் பெயின்ட் அடித்தால் சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். கசிவை நிறுத்தி, சுவரைக் காயவிட்ட பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். பூசணத் துகள்கள் மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும்.