காய்ச்சலில் உதித்த எண்ணம்

1852-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நடுக்கடலில் ஒரு கப்பல் தீப்பிடித்து எரிந்தது! அமேசான் காட்டில் அலைந்து வாலிபர் ஒருவர் சேர்த்த பூச்சிகளும், பறவைகளும் பெட்டி பெட்டியாக அதில் இருந்தன. எல்லாம் சாம்பல். அவர் மட்டும் மற்றவர்களோடு படகில் தப்பி, 10 நாள் தத்தளித்தார்.

அவர் பெயர் ஆல்பிரட் ரசல் வாலஸ். 14 வயதோடு படிப்பு நின்றவர். பூச்சி பிடித்து விற்பதுதான் பிழைப்பு.

பட்டது போதும் என்று அவர் இருக்கவில்லை. 1854-ல் சிங்கப்பூரில் போய் இறங்கினார். 8 ஆண்டுகள் தீவு தீவாகச் சுற்றினார்.

1858-ல், இன்று இந்தோனேசியாவில் உள்ள ஒரு தீவில், குளிர்காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். அப்போதுதான் அந்த எண்ணம் உதித்தது. பிராணிகள் ஏராளமாகக் குஞ்சும் குட்டியும் ஈனுகின்றன. எல்லாம் பிழைப்பது இல்லை. இருக்கும் இடத்துக்கு ஏற்ற உடம்பு வாய்த்தவையே பெரும்பாலும் பிழைத்துப் பெருகுகின்றன. தலைமுறை தலைமுறையாக இப்படி மாறி மாறி, புது இனமே உண்டாகிவிடுகிறது.

இதை எழுதி, இங்கிலாந்தில் இருந்த விஞ்ஞானி டார்வினுக்கு அனுப்பினார். டார்வின் திடுக்கிட்டார். 20 ஆண்டுகளாக அவர் ஆராய்ந்து, வெளியிடாமல் வைத்திருந்த கருத்து அல்லவா அது!

கடிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? டார்வின் அப்படிச் செய்யவில்லை. நண்பர்களிடம் கொடுத்தார். ஜூலை 1-ந் தேதி, லண்டன் லின்னேயன் சங்கத்தில், இருவர் எழுதியதும் சேர்த்துப் படிக்கப்பட்டது. இருவருமே அங்கு இல்லை. டார்வினின் குழந்தை இறந்து 3 நாள்தான் ஆகியிருந்தது. வாலஸ் நியூகினியில் இருந்தார். அவருக்கு விஷயமே தெரியாது!

மறு ஆண்டு டார்வினின் புத்தகம் வந்தது. புகழும் அவருக்கே போயிற்று. வாலஸ் பொறாமைப்படவில்லை. பிற்காலத்தில் பணக்கஷ்டத்தில் வாலஸ் தவித்தபோது, 1881-ல், அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுன் கொடுக்க முன்வந்தது. அதற்காக முயற்சி எடுத்தவர் டார்வின். அடுத்த ஆண்டே அவர் இறந்தார். சவப்பெட்டியோடு சென்றவர்களில் வாலசும் ஒருவர்.