அமானிதமாய் ஒரு துப்பாக்கி: ஷஹீத் அஷ்ஃபாகுல்லாஹ் கான்

அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய புறப்பாட்டினை நம் மாணவர்கள் அறிவர். அங்கே ஆயுதங்கள் பலவாக இருந்தன. பயன் கொள்ளப்படாமையால் பொலிவுடன் இருந்தன. படைக்கலம் பல உடையானுக்கு அவற்றுள் ஒன்று எங்கே கிடக்கிறது என்னும் கவலை எழுவதில்லை. ஒன்றே ஒன்று உடையானின் நிலை வேறு. உறங்கும்போதும் அதனை அவன் பிரிய இயலாது. பிறிதொருவர் கையில் அதனைக் கொடுக்க நேருமாயின், தன் உயிரையும் நற்பெயரையும் உடன் கொடுத்தவனாகின்றான். இந்த உண்மையை முழுமையாக நாம் காண்பது காக்கோரி வழக்கில் தூக்கிலேற்றப்பெற்ற அஷ்ஃபாகுல்லாஹ் கானின் வரலாற்றில்தான். அவர் வீரத்தைப் புகழ்ந்து எழுதியோர் பலர். அவர் கைத்துப்பாக்கி அரைநாழிகைப் பொழுது வேறொருவர் கைக்கு மாறியதைப் பற்றி நின்று சிந்தித்தோர் சிலரே.

ஐக்கிய மாகாணத்து ஷாஜஹான்பூரில், 1900 அக்டோபர் 22-ஆம் நாள், பட்டாணியர் குடும்பம் ஒன்றில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அஷ்ஃபாக். தந்தையார் ஷஃபீகுல்லாஹ் கான், தாயார் மஸ்ஹருன்னிஸா. நெடிய உருவமும் உரமிக்க உடலும் வாய்த்தவர். அவ்வுடல் வலிமையே பின்னாளில் ஒரு பெருந்திருப்பத்துக்குக் காரணமாயிற்று என்பதை வாசகர் இங்கேயே குறித்துக்கொள்ளல் நன்று. உருதுவில் கவிதை புனைந்தார். தேவா ஷரீஃபில் அடங்கியிருக்கும் ஹாஜி வாரிஸ் அலீ ஷா அவர்களின் வழியை நினைவூட்டும் 'வார்ஸி' என்னும் பெயரும், 'ஹஸ்ரத்' என்னும் புனைபெயரும் அவருக்கு வழங்கின. ஹஸ்ரத் என்பதற்கு நிறைவேறா ஏக்கம் என்று பொருள்.

அவ்வூரிலேயே ராம் பிரசாத் பிஸ்மில் வாழ்ந்தார். 1918-இல் மைன்புரிச் சதி வழக்கில் தேடப்பட்டுத் தலைமறைவாக இருந்தவர்; பொதுமன்னிப்புக்குப் பின்னர் ஊர் திரும்பியவர். அவர் ஆரிய சமாஜத்தில் ஊறியவர். இவரோ ஐவேளைத் தொழுகை பேணும் முஸ்லிம். நெருங்கிவந்த பட்டாணிய இளைஞரைப் பிஸ்மில் முதலில் ஐயுற்றே நோக்கினார். ஆயினும் அஷ்ஃபாக் விலகிச் சென்றாரல்லர். ஐயம் கரைந்து நட்பாயிற்று, நட்பு உடன்பிறப்பாயிற்று. ஒருமுறை நோயுற்று நினைவு தடுமாறிக் கிடந்த அஷ்ஃபாக், ராம் ராம் என்று அரற்றினாராம். சுற்றி நின்ற உறவினர் திகைத்துப்போயினர். அவர் அழைத்தது கடவுளை அன்று, தம் தோழரை என்பதை அறிந்த ஒருவர் பிஸ்மிலை அழைத்து வந்த பின்னரே நோயாளி அமைதியுற்றார். பிஸ்மிலே தம் தன்வரலாற்றில் இதனைப் பதிந்து வைத்துள்ளார். தம் சமயத்தார் சிலர் காஃபிர் என்று தூற்றியபோதும் அஷ்ஃபாக் அசையவில்லை என்பதையும் அவர் எழுதியிருக்கிறார்.

ஆயுதம் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். செல்வரும் அரசுக்கு வேண்டியவரும் உரிமம் பெற்றனர். ஏனையோர்க்கு அது எட்டாக்கனி. எனவே, புரட்சியாளர் கையில் இருந்த ஒவ்வொரு துப்பாக்கியும் கள்ளவழியில், பன்மடங்கு விலையில் வந்ததாகும். தாயாரிடம் கடன் பெற்று நூல் அச்சிட்டு, அதனை விற்ற பணத்தில் ஆயுதம் வாங்கியவர் பிஸ்மில். 1924-இல் தோன்றிய இந்துஸ்தான் குடியரசுச் சங்கத்தில் ஆட்களினும் ஆயுதங்களே அரியனவாக இருந்தன. அவற்றுள் சிறந்தது ஜெர்மானிய மவுஸர். பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் அது; மரத்தாலான அதன் உறையையே பின்கட்டையாகப் பொருத்திவிட்டால் சிறிய ரைஃபிளைப் போலத் தோளில் தாங்கிச் சுடலாம். இத்தகைய ஒன்று ஒருவர் பொறுப்பில் வந்தால், அது அவருக்கு உடைமை அன்று, அமானிதம். இயக்கம் நம்பி ஒப்படைத்த பொருள். நம் மார்க்கத்தில் அமானிதத்துக்கு உள்ள கனத்தை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஷாஜஹான்பூரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. வகுப்புக் கலவரம் மூண்டிருந்த ஒரு நாள், அஷ்ஃபாக் பிஸ்மிலுடன் ஆரிய சமாஜக் கட்டடத்தில் இருந்தார். தாக்கும் நோக்குடன் ஒரு கூட்டம் திரண்டு வந்தது, வந்தவர் முஸ்லிம்கள். கைத்துப்பாக்கியுடன் வாயிலில் வந்து நின்ற அஷ்ஃபாக், தாமும் ஒரு முஸ்லிமே என்றும், ஆயினும் அக்கட்டடத்தின் ஒவ்வொரு செங்கல்லும் தமக்கு உயிரினும் இனியது என்றும் கூறி எச்சரித்தார். கூட்டம் கலைந்தது. ஒரு தோட்டாவும் செலவாகவில்லை. சொல்வோர் நாவில் இது சற்றே வளர்ந்திருக்கலாம். எனினும் பிஸ்மில் வரையும் சித்திரத்தோடு இது முரண்படவில்லை. ஆதலின் இதனைத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

இயக்கத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. தனியார் வீடுகளில் கொள்ளையிடுதல் மக்கள் வெறுப்பையே ஈட்டும் என உணர்ந்த பிஸ்மில், ரயிலில் செல்லும் அரசுப் பணத்தைக் கைப்பற்றத் திட்டமிட்டார். கூடியிருந்தோருள் மறுத்துரைத்தவர் அஷ்ஃபாக். அரசின் கருவூலத்தில் கை வைத்தால் அதன் முழு ஆற்றலும் நம்மீது பாயும். அதனைத் தாங்கும் வலிமை நமக்கு இன்னும் வரவில்லை என்பது அவர் வாதம். பெரும்பான்மையர் ஏற்கவில்லை. முடிவான பின்னர் அவர் முணுமுணுக்கவுமில்லை, ஒதுங்கவுமில்லை. பின்னர் நடந்தவற்றை நோக்குங்கால், அவ்வாதம் எத்துணைச் சரியானது என்று வியக்கவே தோன்றுகிறது. தூக்குக்கு அஞ்சி மறுத்தார் என எவரும் கூற இயலாது.

1925 ஆகஸ்டு 9, மாலை நேரம். ஷாஜஹான்பூர்ப் பக்கமிருந்து லக்னோ நோக்கி வந்த பயணியர் வண்டி, காக்கோரியை அடுத்துச் சங்கிலி இழுக்கப்பெற்று நின்றது. இழுத்தவர் ராஜேந்திர லாஹிரி. பதின்மர் கொண்ட அணியில் மவுஸர்கள் நான்கே. பணம் அரசுடையது, பயணிகள் அஞ்ச வேண்டா, இறங்கவும் வேண்டா என்று உரக்க அறிவித்தனர். கார்டு பெட்டியிலிருந்து இரும்புப் பேழை இறக்கப்பட்டது. சம்மட்டி கொண்டு சிலர் அடித்தும் அது திறக்கவில்லை. நேரமோ கடந்துகொண்டிருந்தது.

அணியில் வலிமை மிக்கவர் அஷ்ஃபாக். தம் மவுஸரை அருகில் நின்ற மன்மதநாத் குப்தரிடம் கொடுத்துவிட்டுச் சம்மட்டியை வாங்கினார். குப்தருக்கு அன்று வயது பதினேழு. பேழை பிளந்தது. அதே பொழுதில், இளைஞரின் விரல் விசையில் அழுந்தியது. பெண்கள் பெட்டியிலிருந்த தம் மனைவியைக் காண வண்டியை விட்டு இறங்கிய அஹ்மத் அலீ என்னும் பயணி குண்டடிபட்டு இறந்தார். இறங்க வேண்டா என்ற அறிவிப்பு அவர் செவியில் விழுந்ததோ இல்லையோ, மனைவி என்ன ஆனாளோ என்று பதறி இறங்கிய ஒரு கணவர் அவர். காக்கோரியைப் பாடும் பாடல்களில் அவர் பெயர் வருவதில்லை. அன்று கிடைத்த தொகை பதினாயிரம் ரூபாயைக்கூட எட்டவில்லை.

இங்கே சட்டத்தின் ஒரு நுட்பத்தைக் கூறவேண்டும். கூட்டுக் கொள்ளையின்போது ஒருவர் கொலை புரிந்தால், அக்கொள்ளையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை விதிக்க இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 396-ஆம் பிரிவு இடமளித்தது. சுட்டவர் யார் என ஆராய வேண்டிய தேவையே அரசுக்கு இல்லை. ஒரு குண்டு, கொள்ளை வழக்கைக் கொலை வழக்காக்கிவிட்டது.

செப்டம்பர் இறுதியில் கைதுகள் தொடங்கின. வீட்டருகே கரும்புத் தோட்டத்தில் பதுங்கித் தப்பிய அஷ்ஃபாக், காசி வழியே பீகார் சென்று, டால்டன்கஞ்சில் வேற்றுப் பெயரில் எழுத்தர் வேலை பார்த்தார். பொறியியல் பயிலவும் இயக்கத்துக்கு உதவி தேடவும் வெளிநாடு செல்லும் எண்ணத்துடன் 1926-இல் தில்லி வந்தபோது, அறிமுகமான ஒருவரே அவரைக் காட்டிக்கொடுத்தார். சிறையில் முஸ்லிம் காவல் அதிகாரி ஒருவர் நயமாகப் பேசிப் பார்த்தார். பிஸ்மில் விரும்புவது இந்து ஆட்சியே. நீ ஏன் அதற்காக உயிர் விடுகிறாய் என்பது அவர் பேச்சின் சாரம். ஆங்கிலேயர் ஆட்சியைவிட அதுவே மேல் என்னும் கருத்துப்பட விடையிறுத்து அஷ்ஃபாக் பேச்சை முடித்துவிட்டார். ஆசைகாட்டலும் அவரிடம் எடுபடவில்லை.

தீர்ப்பில் அவர் பிஸ்மிலின் வலக்கையாகக் காட்டப்பட்டார், தூக்கு உறுதியாயிற்று. பைஸாபாத் சிறையில் தொழுகையிலும் குர்ஆன் ஓதுவதிலும் நாட்கள் கழிந்தன. லாஹிரி 1927 டிசம்பர் 17-ஆம் நாள் கோண்டாவில் தூக்கிலிடப்பட்டார். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 19-ஆம் நாள் காலை, கோரக்பூரில் பிஸ்மில், அலகாபாத்தில் ரோஷன் சிங், பைஸாபாத்தில் அஷ்ஃபாக். திருமறையைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கொண்டு, கலிமா மொழிந்தவாறு மேடையேறினார். கயிற்றை முத்தமிட்டார். எந்த மனிதரின் குருதியும் தம் கைகளில் படிந்ததில்லை, தம்மீது சுமத்தப்பட்ட பழி பொய், தமக்குரிய நீதி இறைவனிடம் உண்டு என்று அறிவித்தார். கொலைப் பழியைப் பொறுத்தவரை அது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஆயினும், அந்த மவுஸரை வாங்கிய இளைஞரின் பெயரைச் சுட்டித் தம்மை விடுவித்துக் கொள்ள அவர் முயன்றாரல்லர். பொருளை ஒப்படைத்தவர் தாமே. ஆதலின் பொறுப்பும் தம்மதே எனக் கருதினார் போலும். ஜனாஸா ஷாஜஹான்பூருக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பெற்றது. அவருக்கு வயது இருபத்தேழு.

மன்மதநாத் குப்தருக்கு இளவயது கருதிப் பதினான்கு ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 1937-இல் விடுதலை பெற்று, இந்தியிலும் ஆங்கிலத்திலும் நூல்கள் பல எழுதி, 2000 அக்டோபரில் மறைந்தார். அன்று காக்கோரியில் பாய்ந்த குண்டு தம் விரலால் நேர்ந்தது என்பதையும், தோழர்கள் தூக்கேற அது காரணமாயிற்று என்பதையும் முதுமையில் அவர் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார்.