நகராண்மையில் நாற்பது ஆண்டுகள்: வெள்ளுடை வேந்தர் சர் பிட்டி தியாகராயர்

சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த ஒடுகத்தூரில் நண்பகல் மணி ஒலித்ததும் பள்ளிச் சிறார்கள் தட்டுகளை ஏந்தி வரிசையில் நிற்கும் காட்சி நமக்குப் பழகிப்போன ஒன்று. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் தந்தை விலை பேசிக்கொண்டிருக்க, அவர்தம் பிள்ளை பள்ளியிலே சோறும் முட்டையும் உண்டுகொண்டிருக்கும். மதிய உணவு என்றதும் 1956இல் அதனை மாநிலத் திட்டமாக்கிய பெருந்தலைவர் காமராசரையும், 1982இல் சத்துணவாக விரிவுபடுத்திய எம்.ஜி.ஆரையும் நன்றியோடு நினைக்கிறோம். அது முறையே. ஆயினும் காமராசருக்கு முப்பத்தாறு ஆண்டுகள் முன்னரே, சென்னை மாநகரின் ஒரு பள்ளியில் ஏழைச் சிறார்க்கு நண்பகல் சிற்றுண்டி வழங்க வழிகண்ட நகராண்மைத் தலைவர் ஒருவர் இருந்தார். அவரை நம் மாணவருள் பலர் ஒரு கடைத்தெருவின் பெயராக மட்டுமே அறிவர். அவரே வெள்ளுடை வேந்தர் என்று போற்றப்பெற்ற சர் பிட்டி தியாகராயர்.

1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட தேவாங்கர் குடியில் அவர் பிறந்தார். நெசவு அக்குடியினரின் குலத்தொழில். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற அவர், அக்காலப் பட்டதாரிகள் பலரும் நாடிய அரசுப் பணியை நாடாது வாணிகத்தில் இறங்கினார். தறி, உப்பு, சுண்ணாம்பு, தோல் பதனிடுதல் எனப் பல தொழில்களில் அவர் கை பட்டது. வண்ணாரப்பேட்டையில் விசைநாடா பொருத்திய தறிகளைக் கொண்டு நெசவாலை ஒன்றை நடத்தினார். தோலின் மணத்தையும் அதன் கணக்கையும் நன்கறிந்த ஆம்பூர், வாணியம்பாடிப் பெரியவர்களுக்கு இத்தகைய மனிதரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சரக்கின் தரத்தைக் கையால் தடவிப் பார்த்து அறிபவர். சொல்லைவிட வரவு செலவை நம்புபவர். 1909இல் தோன்றிய தென்னிந்திய வர்த்தக சங்கத்தை நிறுவியோருள் ஒருவராகவும், பல ஆண்டுகள் அதன் தலைவராகவும் அவர் விளங்கினார்.

1882ஆம் ஆண்டு அவர் சென்னை நகராண்மைக் கழகத்தின் உறுப்பினரானார். தலத்தன்னாட்சியை வளர்க்க வேண்டும் என்று ரிப்பன் பிரபு தீர்மானம் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 1688ஆம் ஆண்டிலேயே தோன்றிய பழைமையுடைய அக்கழகத்தில் தலைமைப் பீடம் அரசு அதிகாரிகளுக்கே உரியதாயிருந்தது. சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, வரி, துப்புரவு என்பனவே அவைக்கு அன்றாடம் வரும் பொருள்கள். புகழ் தரும் பொருள்கள் அல்ல இவை. இவற்றைக் கேட்டும் ஆய்ந்தும் வாதிட்டும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒருவர் அமர்ந்திருந்தார் என்பதே, என் நோக்கில், அவர் வாழ்வின் முதற் சிறப்பாகும். வெண்ணிற ஆடையன்றி வேறு உடுத்தாத அவர் தோற்றம் அந்த அவையின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று.

அதே அவையில் திருவல்லிக்கேணியின் சார்பில் அமர்ந்திருந்தவர் டாக்டர் டி.எம். நாயர். இருவரும் அறிவாளர், இருவரும் விட்டுக்கொடாதவர். பார்த்தசாரதி கோயில் குளத்தைப் பற்றிய பூசலில் இருவரும் எதிரெதிர் நின்றனர். கசப்பு முற்றி நாயர் தம் உறுப்பினர் பதவியையே துறந்தார். ஒரு குளத்தின் பொருட்டுப் பிரிந்த இவ்விருவரையும் மீண்டும் ஒன்றாக அமர்த்தியவர் டாக்டர் சி. நடேசனார். பிராமணரல்லாத மாணவர் சென்னையில் தங்கிப் பயில இடமின்றி அலைவதைக் கண்டு விடுதி நடத்திய பெருந்தகை அவர். விடுதியில் இடம் கிடைக்காமல் ஊர் திரும்பும் துயரத்தை நம் மலையடிவார மாணவர்களும் அறிவார்கள். ஆதலால் நடேசனாரின் பெயரை இவ்விடத்தில் விரைந்து கடந்து செல்ல மனம் ஒப்பவில்லை.

மூவரும் இணைந்ததன் பயனாக 1916ஆம் ஆண்டு நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு அது நடத்திய ஆங்கில நாளேட்டின் பெயரால் நீதிக்கட்சி என்றே மக்கள் அதனை வழங்கலாயினர். அதுவரை காங்கிரசில் ஈடுபாடு கொண்டிருந்த தியாகராயர் தம் அறுபத்து நான்காம் வயதில் இப்புதுவழியை மேற்கொண்டார். 1919இல் நாயர் இலண்டனில் மறைந்தபின் கட்சியின் பெருஞ்சுமை இம்முதியவர் தோளில் இறங்கியது.

அந்த 1919ஆம் ஆண்டில்தான் சென்னை நகராண்மைச் சட்டம் திருத்தி அமைக்கப்பெற்றது. அவை ஐம்பது உறுப்பினராக விரிந்தது. அதிகாரியல்லாத ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கவும் வழி பிறந்தது. அவ்வாறு அமர்ந்த முதல் தலைவர் தியாகராயரே. மேயர் என்னும் பெயர் 1933இல்தான் மீண்டும் வழக்கிற்கு வந்தது எனினும், அவர் வகித்தது அப்பொறுப்பையே. 1922 வரை அதில் அவர் இருந்தார்.

அவர் தலைமையில் 1920ஆம் ஆண்டு செப்டம்பரில் அவை ஒரு தீர்மானத்தை ஏற்றது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த நகராண்மைப் பள்ளியின் மாணவர்க்கு நாள்தோறும் சிற்றுண்டி வழங்கலாம். செலவு தலைக்கு ஓர் அணாவுக்கு மேற்படலாகாது. அங்குப் பயிலும் பிள்ளைகள் வறியவர். அவ்வறுமையே பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பெரிதும் பாதிக்கிறது என்று தலைவர் அவைக்கு எடுத்துரைத்தார். பசிக்கும் வருகைப் பதிவேட்டிற்கும் உள்ள தொடர்பை ஒரு வணிகரின் கண் கண்டுகொண்டது. ஆயிரம் விளக்கு என்னும் பெயர் அங்குள்ள பள்ளிவாசலில் ஏற்றப்பெற்ற விளக்குகளால் வந்தது என்பதை நம் சமுதாயப் பெரியோர் அறிவர். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இவ்வுணவு சென்றது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் இரு மடங்கு!

தீர்மானம் நிறைவேறிய சில திங்களில், 1920ஆம் ஆண்டின் இறுதியில், மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு அமைச்சரவை அமைக்க அழைத்தபோது தியாகராயர் அப்பதவியை ஏற்க மறுத்து, கடலூர் சுப்பராயலு ரெட்டியாரைக் காட்டினார். நலிவுற்ற உடலினராகிய ரெட்டியார் 1921இல் விலகவே பனகல் அரசர் முதலமைச்சரானார். அப்போதும் தியாகராயர் முன்வரவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் செருமனியின் கொலோன் நகரில் கொன்ராட் அடெனாவர் என்பார் 1917 முதல் 1933 வரை மேயராக இருந்து, நகரைச் சுற்றிப் பசுமை வளையம் அமைத்துப் புகழ் பெற்றார்; 1949இல் மேற்குச் செருமனியின் முதல் தலைமையமைச்சராகவும் ஆனார். நகராண்மையை அவர் படிக்கட்டாகக் கொண்டார் என்று சொல்ல மாட்டேன். எனினும் மேலே செல்லும் படி கண்ணெதிரே இருந்தும் ஏறாதவர் நம்மவர்.

குறை கூறாது விடுவது வரலாறாகாது. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் எழுந்த கலவரத்தில் ஆதிதிராவிட மக்கள் பெருந்துன்பம் உற்றனர். அவர்களுக்கு அரணாக நிற்க வேண்டிய நீதிக்கட்சியின் தலைவர்கள் மறுபக்கம் சாய்ந்து பேசினர். மனம் நொந்த எம்.சி. ராசா 1923இல் கட்சியை விட்டு விலகினார். அனைத்து மக்களுக்கும் இடம் கேட்டு எழுந்த இயக்கம் தன் அருகில் நின்றவரை இழந்தது. கட்சியின் தலைவர் என்ற முறையில் தியாகராயருக்கும் இதில் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

1925ஆம் ஆண்டு அவர் மறைந்தார். மாம்பலத்தை ஒட்டிய நெடிய ஏரியைத் தூர்த்து எழுப்பிய குடியிருப்புக்குத் தியாகராய நகர் எனப் பெயரிட்டனர். மணப்பட்டு எடுக்கச் சென்னை செல்லும் நம் பகுதிக் குடும்பத்தார், தி. நகர் என்று சுருக்கி அழைத்து அப்பெயரைச் சுமந்தே ஊர் திரும்புகின்றனர். ரிப்பன் மாளிகையின் முன் அவருக்குச் சிலையும் உண்டு.

அவர் மறைந்த அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் அந்த நண்பகல் உணவும் நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிடுதல் கூடாது என்று ஆங்கில அரசு தடுத்துவிட்டது. பள்ளிகளின் தொகை இரட்டித்ததைக் கணக்கேடு காட்டிற்று. நிதிவிதி அதனைக் காணவில்லை. ஆனால் உணவை மீண்டும் வழங்குமாறு கோரி இரண்டு விண்ணப்பங்கள் நகராண்மைக்கு வந்தன. அவை அதே 1925இல் மீண்டும் கூடி, இருபத்தைந்து பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்க இசைவு தந்தது.