தன்னை மறைத்துக்கொண்ட பயணி: ஏ.கே. செட்டியார்

உலக நிகழ்ச்சிகளைப் படமாக வீட்டுக்குள் கொண்டுவரும் தொலைக்காட்சி சென்னைக்கு வந்தது 1975ஆம் ஆண்டில்தான். அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே படக்கருவியும் குறிப்பேடுமாகக் கண்டம் விட்டுக் கண்டம் சென்ற தமிழர் ஒருவர் உண்டு. உலகம் சுற்றும் தமிழன் என்று தம் நூலுக்கு அவர் இட்ட பெயரே அவருக்கும் பட்டமாக நிலைத்துவிட்டது. இயற்பெயர் கருப்பன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911 நவம்பர் 4 அன்று பிறந்தவர்.

அவருடைய குலத்தார் பர்மாவுக்குக் கணக்கேட்டுடன் கப்பலேறினார்கள். செட்டியாரோ ரங்கூனில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியரானார். பின்னர் ஜப்பானிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஒரு செய்திப்படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அன்று அடிகளின் பிறந்தநாள். செட்டியாருக்கு இருபத்தாறு வயதுகூட நிறையவில்லை.

படக்கருவிக்கு முன் நின்று காட்சி தருபவரல்லர் காந்தியடிகள். ஆகவே புதிதாகப் படமெடுப்பதைவிட, முன்பே எடுக்கப்பட்டவற்றைத் தேடித் தொகுப்பதே பெரும்பணியாயிற்று. செய்திப்பட நிறுவனங்களின் கிடங்குகளில் அவை நாடுதோறும் சிதறிக் கிடந்தன. தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து, ஐரோப்பிய நாடுகள் என்று செட்டியார் அலைந்தார். அடிகளின் வாழ்க்கையை எழுதிய ரோமன் ரோலந்தையும் சந்தித்தார். முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்த 50,000 அடிப் படம் சேர்ந்தது. அதிலிருந்து 12,000 அடி தேர்ந்தெடுக்கப்பட்டது. திரையில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல். அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் தன்மையது என்பதையும், ஐரோப்பாவில் போர் மூளவிருந்த காலம் அது என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் இவ்வுழைப்பின் அருமை புலப்படும்.

1940 ஆகஸ்டில் படம் தமிழ் விளக்கவுரையோடு வெளிவந்தது. காந்தியடிகளின் வாழ்க்கை முழுநீளச் செய்திப்படமாக முதலில் பேசிய மொழி தமிழ் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தெலுங்கு வடிவம் பின்னர் வந்தது. 1953இல் ஹாலிவுட்டில் ஆங்கில வடிவமும் உருவாயிற்று. பல்லாண்டு கழித்து அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டது அந்த ஆங்கில வடிவமே. தமிழ்ப் படம் நம் கைக்கு எட்டவில்லை.

படத்தின் கதையேனும் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் அவர் நடத்திய ‘குமரி மலர்’. 1943இல் தொடங்கிய அவ்விதழில் எழுபதுகளில் அவர் எழுதிய கட்டுரைகளை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பிக்க, ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாகக் காலச்சுவடு 2003இல் வெளியிட்டது. இக்கட்டுரைகளின் நடை நம் கவிஞர்கள் கருதத்தக்கது. வாக்கியங்கள் சிறியவை, அடைமொழிகள் அரியவை. தன்மை ஒருமை வரும், தற்பெருமை வராது. பெரியோரைக் கண்டு திரும்பினாலும், அவர்கள் சொன்னதைச் சொல்லித் தாம் ஒதுங்கிக்கொள்வார். பயண இலக்கியம் எழுதுவோர் பலர் ஊரைக் காட்டுவதாகத் தொடங்கித் தம்மையே காட்டி முடிக்கும் மொழியில் இது அரிய ஒழுக்கம். இந்த அடக்கத்தாலேயே அவரை மறப்பதும் நமக்கு எளிதாயிற்றோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

காந்தி படமே அவரது சாதனை என்பர். என் கருத்தில் ‘குமரி மலர்’ அதற்குக் குறைந்ததன்று. பாரதியைப் பற்றிய பழைய குறிப்புகள், மறைந்துபோன இதழ்களின் பக்கங்கள், நூறாண்டுக்கு முந்தைய பயணக் கட்டுரைகள் ஆகியவற்றைத் தேடி மறுபதிப்புச் செய்தார். கிடங்குகளில் படச்சுருள் தேடிய அதே கை இங்கே பழந்தாள்களைத் தேடியது.

1983 செப்டம்பர் 10 அன்று செட்டியார் மறைந்தார். அபிராமபுரத்திலும் மயிலாப்பூரிலும் பழைய வீடுகள் இடிந்து அடுக்ககங்களாகும்போது, பரணிலிருந்து எடைக்குப் போகும் கட்டுகளில் ‘குமரி மலர்’ இதழ்களும் இருக்கக்கூடும். நம் வட்டத்து அன்பர்கள் கட்டை அவிழ்த்துப் பார்த்த பிறகே அனுப்புமாறு வேண்டுகிறேன்.