பெர்டினாண்ட் ஹர்ட்டர்

பெர்டினாண்ட் ஹர்ட்டர் (1844 - 1898) சுவிட்சர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் ஆவார். இளமையில் சாயத்தொழில் பயின்ற இவர், பின்னர் ஐடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1867 இல் இங்கிலாந்து சென்று, விட்னசு நகர வேதித் தொழிற்சாலையொன்றில் பணியாற்றினார். அங்குப் பொறியாளர் வீரோ சார்லசு டிரிபீல்ட் இவரது நண்பரானார்.

ஒளிப்படத் தகட்டுக்கு எவ்வளவு ஒளி தேவை என்பதை அக்காலத்தில் பெரும்பாலும் ஊகத்தாலேயே அறிந்தனர். இருவரும் அதனை அளந்தறிய முற்பட்டு, ஒளியேற்றத்துக்கும் கருமை அடர்த்திக்கும் உள்ள தொடர்பை 1890 இல் வெளியிட்டனர். அத்தொடர்பைக் காட்டும் வளைகோடு ஹர்ட்டர்-டிரிபீல்ட் வளைகோடு எனப்படுகிறது. ஹர்ட்டரின் மறைவுக்குப் பின்னரும் டிரிபீல்ட் ஆய்வைத் தொடர்ந்தார்.

மருத்துவப் பிலிம் அச்சுப்பொறியில் சாம்பல்நிறப் படிநிலைகளை அச்சிட்டு, அடர்த்திமானியால் அளந்து சரிசெய்யும் முறைக்கு இவ்வாய்வே அடிப்படையாகும். அடர்த்தி பிறழ்ந்தால் மெல்லிய எலும்பு முறிவும் மருத்துவரின் கண்ணுக்குத் தப்பக்கூடும்.